திருத்திக் கட்டப் பழக்கும் பெட்டி: லெகோ மைண்ட்ஸ்டார்ம்ஸ் இவி3

லெகோவின் ரோபோ கட்டும் பெட்டியான மைண்ட்ஸ்டார்ம்ஸ் இவி3 2013இல் வெளிவந்தது. மைண்ட்ஸ்டார்ம்ஸ் வரிசை முழுவதையுமே அந்நிறுவனம் 2022 இறுதியில் நிறுத்திவிட்டதால், இன்று இதைப் பெரும்பாலும் ஏற்கெனவே பயன்படுத்தியவர்களிடமிருந்துதான் வாங்க வேண்டியிருக்கிறது. அப்படியிருந்தும் இதைப் பற்றி எழுதுவதற்குக் காரணம் உண்டு: சொந்தமாக ஒரு ரோபோவை வடிவமைக்க விரும்புபவரின் தவறுகளை இவ்வளவு பொறுத்துக்கொள்ளும் கருவி வேறொன்றை நான் கையாண்டதில்லை.

பெட்டியில் 601 துண்டுகள் இருக்கின்றன. இரண்டு பெரிய மோட்டார்கள், ஒரு நடுத்தர மோட்டார், நிறம், தொடுகை, அகச்சிவப்பு ஆகியவற்றுக்கான மூன்று சென்சார்கள், ஒரு ரிமோட், இவை அனைத்தையும் இயக்கும் ‘பிரிக்’ என்ற சிறு கணினி ஆகியவையும் அவற்றில் அடங்கும். வழிகாட்டியில் உள்ள உருவங்களைக் கட்டிப் பார்ப்பதற்காக மட்டும் இதை வாங்குவது வீண் என்பது என் கருத்து. நான் கட்ட நினைத்தது, வெள்ளைத் தரையில் ஒட்டிய கறுப்பு டேப்பின் வழியே தானாகச் செல்லும் சிறு வண்டி.

டெக்னிக் எனப்படும் துளையிட்ட லெகோ துண்டுகளின் துளைகள் சரியாக 8 மில்லிமீட்டர் இடைவெளியில் அமைந்திருப்பதுதான் இந்தப் பெட்டியின் பெரிய பலம். முதலில் நிற சென்சாரைச் சக்கரங்களின் அச்சுக்கு நேராகப் பொருத்தினேன். வண்டி திரும்பினாலும் சென்சார் ஏறக்குறைய அதே இடத்திலேயே நின்றதால், கோடு விலகிப்போனது காலம் கடந்தே தெரியவந்தது. அதை வெகுதூரம் முன்னே தள்ளியபோது, வண்டி சற்றே திரும்பினாலும் சென்சார் கோட்டைத் தாண்டிப் பாய்ந்தது. ஐந்து துளைகள், அதாவது 4 சென்டிமீட்டர் முன்னே வைத்தபோதுதான் ஓட்டம் நிதானப்பட்டது. மரத்திலோ உலோகத்திலோ செய்திருந்தால் ஒவ்வொரு முறையும் புதிதாகத் துளையிட்டிருக்க வேண்டும். இங்கே இரண்டு பின்களைக் கழற்றி மாட்டினால் போதும்.

பிரிக்கை எங்கே வைப்பது என்பதும் யோசித்து முடிவெடுக்க வேண்டிய ஒன்று. ஆறு பென்சில் பேட்டரிகளோடு அதுவே வண்டியின் பெரும் எடை என்பதால், இயங்கும் சக்கரங்களுக்கு மேலே அது அமர்ந்தால்தான் அவற்றுக்குத் தரையில் நல்ல பிடிப்பு கிடைக்கும். பேட்டரி மூடி அடிப்பக்கத்தில் இருப்பதை மறந்து நான் கட்டிய முதல் சட்டத்தை முழுவதுமாகப் பிரிக்க நேர்ந்தது. அடியைத் திறந்தே விட்டுக் கட்டுங்கள்.

நிற சென்சார், தரையிலிருந்து திரும்பும் ஒளியை 0 முதல் 100 வரையான எண்ணாகத் தருகிறது. வெள்ளையில் 60ஐ ஒட்டியும் கறுப்பில் 10ஐ ஒட்டியும் எண்கள் வந்ததால், இரண்டுக்கும் நடுவிலுள்ள 35ஐ இலக்காக வைத்துக் கோட்டின் நடுவை விட்டு அதன் விளிம்பைப் பின்பற்றச் செய்தேன். ‘கறுப்பு என்றால் இடம், வெள்ளை என்றால் வலம்’ என்று எழுதிய நிரலில் வண்டி பாம்பைப் போல நெளிந்தது. இலக்கிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறதோ அந்த அளவுக்கே திரும்பும்படி மாற்றியதும் நெளிவு பெரிதும் அடங்கியது. அந்த விலகலைப் பெருக்கும் எண்ணைக் கூட்டினால் ஆட்டம் திரும்புகிறது, குறைத்தால் வளைவில் கோட்டை விட்டு வெளியேறுகிறது. கட்டுப்பாட்டுப் பொறியியலின் அடிப்படையைச் சாப்பாட்டு மேசையிலேயே கண்ணால் காணக் கிடைத்த அந்த மாலைக்காக மட்டுமே இந்தப் பெட்டிக்குக் கொடுத்த பணம் தகும்.

மோட்டார்களுக்குள்ளேயே சுழற்சியை ஒரு பாகை நுட்பத்தில் அளக்கும் சென்சார் இருக்கிறது. சக்கரத்தின் விட்டம் 4.32 சென்டிமீட்டர் என்றால், ஒரு சுற்றுக்கு வண்டி சுமார் 13.6 சென்டிமீட்டர் நகரும். ‘இத்தனை நொடி ஓடு’ என்று எழுதினால் பேட்டரி தளரத் தளரத் தூரம் மாறக்கூடும். ‘இத்தனை பாகை சுழல்’ என்று எழுதினால் அந்தக் கவலை பெரிதும் குறைகிறது.

குறைகளும் உண்டு. மின்னேற்றிப் பயன்படுத்தும் பேட்டரி பள்ளிகளுக்கான கல்விப் பதிப்போடு வந்தது. இந்த வீட்டுப் பதிப்பில் அது இல்லை. பல் சக்கரங்களை அடுக்கடுக்காகக் கோத்தால் அவற்றுக்கிடையே உள்ள தளர்வு கூடிக்கொண்டே போவதால், துல்லியமாக நகர வேண்டிய கைகளுக்கு இது அவ்வளவாகப் பொருந்தாது. மென்பொருளைப் பொறுத்தவரை, கட்டங்களை இழுத்து அமைக்கும் முறை தொடக்கத்துக்குப் போதும். அதன் பிறகு மைக்ரோஎஸ்டி அட்டையிலிருந்து இயங்கும் பைத்தான் நிரல்மொழிக்கு மாறுவதே நல்லது.

வாங்கும் முன் பேட்டரி அறையில் கசிவுக் கறை இருக்கிறதா என்று பாருங்கள். பிரிக்கில் மோட்டார்களுக்கான நான்கு இணைப்புத் துறைகளையும் சென்சார்களுக்கான நான்கு துறைகளையும் ஒவ்வொன்றாக இயக்கிச் சோதியுங்கள். பிளாஸ்டிக் துண்டு ஒன்றிரண்டு குறைந்தால் தனியாகத் தேடி வாங்கிக்கொள்ளலாம். பிரிக் பழுதானால் மற்றொரு பிரிக்கையே தேடி வாங்க வேண்டியிருக்கும்.