மீட் இ.டி.எக்ஸ்-90: பட்டியலில் இல்லாததையும் தேடித்தரும் தொலைநோக்கி

கணினித் தொலைநோக்கி வாங்கப் போகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "இதில் எத்தனை ஆயிரம் பொருள்கள் பதிவாகியிருக்கின்றன?" என்றுதான். 90 மில்லிமீட்டர் விட்டமுள்ள கருவிக்கு அந்த எண்ணிக்கை ஒரு பொருட்டே இல்லை. பதிவாகியிருப்பதில் பல இந்த விட்டத்தில் கண்ணுக்கே சிக்காத மங்கலான கேலக்சிகள். நான் பார்ப்பது வேறு. அந்தப் பட்டியலில் இல்லாத ஒன்றை நாம் சொல்லிக் கொடுத்தால், அங்கே போய் நிற்குமா? மீட் இ.டி.எக்ஸ்-90 நிற்கிறது. பழைய மாடலாக இருந்தும் இதை நான் கைவிடாததற்கு அதுதான் காரணம்.

இதன் ஆடி அமைப்பு மக்சுடோவ் வகை, குவியத் தூரம் 1250 மி.மீ. நிலாவுக்கும் சனிக்கும் அருமையான கருவி. அதைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். நான் எழுத வந்தது இதனோடு இணையும் ஆட்டோஸ்டார் என்கிற, கையில் பிடித்து இயக்கும் கருவியைப் பற்றி.

2021 மார்ச்சில் கேசியோபியா விண்மீன் குழுவில் ஒரு நோவா, அதாவது திடீரென்று பலமடங்கு பிரகாசமாகும் நட்சத்திரம், வெடித்தது. ஜப்பானைச் சேர்ந்த யூஜி நகமுரா கண்டுபிடித்தது, பெயர் வி1405 கேசியோபியா. பழைய கருவியின் நினைவில் அது இருக்க வழியே இல்லை. ஆட்டோஸ்டாரில் மோட் பொத்தானை இரண்டு நொடி அழுத்திப் பிடித்தால், தொலைநோக்கி இப்போது பார்க்கும் இடத்தின் வல ஏற்றமும் நடுவரை விலக்கமும் (வானத்துக்கான தீர்க்கரேகை, அட்சரேகை மாதிரி) திரையில் வரும். அங்கேயே கோ-டூ அழுத்தினால் நாம் விரும்பும் எண்களைத் தரலாம். வல ஏற்றம் 23 மணி 24 நிமிடம், விலக்கம் வடக்கே 61 பாகை 11 கலை (ஒரு பாகைக்கு 60 கலை) என்று கொடுத்தேன். மோட்டார் மிக்ஸி மாதிரி இரைந்துகொண்டு திரும்பியது. பார்த்தால், எம்52 நட்சத்திரக் கொத்துக்குப் பக்கத்தில் அந்தப் புதிய புள்ளி! அடிக்கடி பார்க்க வேண்டியதை நம் சொந்தப் பொருளாகப் பெயர் கொடுத்தும் சேமித்துக்கொள்ளலாம்.

வால்மீனுக்கு இது போதாது. அது நாளுக்கு நாள் நகரும், இன்றைய எண்கள் நாளைக்கு உதவாது. அதனால் வால்மீனுக்கு இடத்தைத் தராமல் பாதையைத் தர வேண்டும். சூரியனை மிக நெருங்கும் தேதி, அப்போதுள்ள தூரம், பாதையின் சாய்வு முதலியவற்றை உள்ளிட்டால் மீதிக் கணக்கைக் கருவியே போட்டுக்கொள்ளும். 2024 அக்டோபரில் மாலை வானில் வந்த சூச்சின்ஷான்-அட்லஸ் வால்மீனுக்கு இந்த வசதி அருமையாகக் கைகொடுத்தது. திண்டுக்கல்லில் அந்த மாதம் மேகம் விலகும் நேரம் குறைவு. விலகிய பத்து நிமிடத்தில் கையால் துழாவிக்கொண்டிருக்க முடியாது.

இனி செயற்கைக்கோள். என் மொட்டை மாடிக்கு வருகிற பிள்ளைகள் எல்லோருக்கும் பிடித்தது இதுதான். சர்வதேச விண்வெளி நிலையம் தலைக்கு மேலே வரும்போது நொடிக்குச் சுமார் ஒரு பாகை ஓடுகிறது. 26 மி.மீ. ஐபீஸில் (கண்ணை வைத்துப் பார்க்கும் லென்ஸில்) தெரியும் வானமும் ஏறக்குறைய ஒரு பாகைதான். தொலைநோக்கி சும்மா நின்றால் ஒரே நொடியில் வந்து போய்விடும். ஆட்டோஸ்டார் இதற்கு நல்ல வழி வைத்திருக்கிறது. செயற்கைக்கோள் உதிக்கும் நேரத்தைக் கணித்துச் சொல்கிறது, அது தோன்றும் இடத்துக்கு முன்பே போய் நிற்கிறது, திரையில் நொடிகளை இறங்குமுகமாக எண்ணுகிறது. பார்வையில் புள்ளி நுழைந்ததும் என்டர் தட்டினால் கூடவே ஓடத் தொடங்கும். எதிரே வீடோ தென்னைமரமோ மறைத்தால் எண்ணுவதை நிறுத்தி, அதே பாதையில் மேலே நகர்த்தி, அங்கிருந்து மறுபடி தொடங்கலாம். இதை யோசித்து வைத்தவரைக் கும்பிட வேண்டும்.

ஆனால் சுற்றுப்பாதை எண்கள் புதிதாக இருக்க வேண்டும். செலஸ்ட்ராக் இணையதளத்தில் ஒவ்வொரு செயற்கைக்கோளுக்கும் கிடைக்கும் இரண்டு வரி சுற்றுப்பாதைக் குறிப்பை அன்றைக்கே எடுத்துக்கொள்ளுங்கள். நிலையம் அவ்வப்போது உந்தி உயர்த்தப்படுவதால் பழைய எண்கள் விரைவில் பிசகும். 2021ல் ஏவப்பட்ட சீனாவின் தியாங்கொங் நிலையத்தையும் இப்படியே சேர்க்கலாம். அதன் பதிவு எண் 48274. அப்புறம் ஹபிள் விண்வெளித் தொலைநோக்கி. நிலநடுக்கோட்டிலிருந்து அதன் பாதையின் சாய்வு 28.5 பாகை என்பதால் ஐரோப்பாவின் பெரும்பகுதிக்கு அது தொடுவானத்தோடு சரி. நமக்கோ உச்சிவரை ஏறி வருகிறது. ஐபீஸில் வெறும் புள்ளிதான். அதற்கு நேர்மாறாக விண்வெளி நிலையம் 48 மடங்குப் பெருக்கத்திலேயே, வெறுங்கண்ணுக்கு நிலா தெரிகிற அளவை எட்டும். சூரியத் தகடுகளை அடையாளம் காணலாம்.

குறைகள் உண்டு. ஆட்டோஸ்டாருக்குள் கடிகாரம் இல்லை, ஒவ்வொரு முறையும் தேதியும் நேரமும் தர வேண்டும். செயற்கைக்கோளுக்கு நொடி சுத்தமாக வேண்டும். பத்து நொடி பிசகினால் உச்சியில் பத்து பாகை தள்ளிப்போகும். பற்சக்கரங்களில் தளர்வு இருக்கிறது, அதை ஈடுகட்ட ஆட்டோஸ்டாரில் உள்ள, மோட்டாரைப் பழக்கும் பகுதியை முதலில் செய்துவிடுங்கள். துருவ நட்சத்திரம் நம் ஊரில் பத்து பாகை உயரம்தான், பெரும்பாலும் கட்டடத்துக்குப் பின்னால். திசைகாட்டியால் வடக்கைப் பார்த்து நிறுத்தி, இரண்டு நட்சத்திரங்களால் ஒழுங்குபடுத்தினால் போதும். உச்சியை ஒட்டிக் கடக்கும் செயற்கைக்கோளை விட்டுவிடுங்கள். அங்கே அடித்தட்டு சட்டென்று அரைவட்டம் சுற்ற வேண்டியிருக்கும், இந்த மோட்டாரால் ஆகாது. 40 முதல் 70 பாகை உயரத்தில் கடப்பவை நல்லவை. அப்போதும் அம்புப் பொத்தான்களில் விரல் இருக்கட்டும்.

மீட் நிறுவனம் 2024ல் மூடப்பட்டுவிட்டது, இனி பழையதுதான் கிடைக்கும். புதிதாகவே வேண்டும் என்றால் செலஸ்ட்ரான் நெக்ஸ்டார் நல்லது, சொந்தப் பொருள்களைச் சேமிக்கும் வசதி அதிலும் உண்டு. ஆனால் அந்தக் கைக்கருவியில் செயற்கைக்கோள் பகுதி இல்லை. பழையது வாங்கும்போது இரண்டைக் கவனியுங்கள். 1996ல் வந்த முதல் இ.டி.எக்ஸில் ஆட்டோஸ்டார் இணைக்க முடியாது. ஆட்டோஸ்டாரிலும் எண் பொத்தான்கள் உள்ள 497 மாடல்தான் வேண்டும். கணினியோடு இணைக்கும் 505 கேபிளையும் விற்பவரிடம் கேட்டு வாங்குங்கள். இன்றைய லேப்டாப்புக்கு யூ.எஸ்.பி.யிலிருந்து சீரியலுக்கு மாற்றும் இணைப்பு ஒன்று கூடுதலாகத் தேவைப்படும்.