எடைக்குறைப்பு அறுவை சிகிச்சைக்கு முந்தைய உணவுப் பயிற்சி: முடித்தவளின் மதிப்புரை

எடைக்குறைப்பு அறுவை சிகிச்சைக்குப் பதிவு செய்தவர்களுக்காக மருத்துவமனைகள் நடத்தும் உணவுப் பயிற்சித் திட்டம் ஒன்றை முழுமையாக முடித்தவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன். இரைப்பை சிறிதாகிவிட்டால் உணவுப் பழக்கமும் தானாக மாறிவிடும் என்று நம்புவோர் பலர். அது சரியன்று. ஸ்லீவ் முறையில் இரைப்பையின் ஏறத்தாழ முக்கால் பங்கு அகற்றப்படுகிறது. இரைப்பையின் மேற்பகுதியைச் சிறு பையாகப் பிரித்துச் சிறுகுடலோடு இணைக்கும் பைபாஸ் முறையில் உணவு முதலில் சென்றடையும் அந்தப் பை சுமார் 30 மில்லிலிட்டர்தான் கொள்ளும். மென்று தின்னாமல் விழுங்கும் பழக்கத்தோடு அந்த நிலைக்குச் செல்பவருக்கு வலியும் வாந்தியுமே மிஞ்சும். தையல் ஆறிக்கொண்டிருக்கும் நாட்களில் தடுமாறிக் கற்பதைவிட, அதற்கு முன்பே நிதானமாகப் பழகிக்கொள்வது நல்லது என்பதுதான் இத்திட்டத்தின் நோக்கம். அந்த நோக்கத்தை அது பெரும்பாலும் நிறைவேற்றுகிறது.

இதில் மிகச் சிறந்த பகுதி நீர் அருந்துவது பற்றியது. சாப்பிடும்போது குடிக்கக் கூடாது, சாப்பிட்டு முடித்து 30 நிமிடம் கழித்தே குடிக்க வேண்டும், அதையும் சிறு சிறு மிடறுகளாகவே குடிக்க வேண்டும் என்ற விதிகள் கேட்பதற்கு எளிமையானவை. ஆனால் உணவு நேரங்களையும் அவற்றைத் தொடரும் அரை மணி நேரங்களையும் கழித்துவிட்டு, மீதமுள்ள பொழுதில் ஒன்றரை லிட்டருக்குக் குறையாமல் குடித்து முடிக்க முயலும்போதுதான் நாள் முழுவதையும் திட்டமிட வேண்டியிருப்பது புரிகிறது. தாகம் எடுத்த பிறகு ஒரே மூச்சில் குடித்துத் தீர்க்கும் வழி அறுவை சிகிச்சைக்குப் பின் இருக்காது என்பதால், இந்தப் பயிற்சியை முன்கூட்டியே தொடங்கியது பெரும் உதவி. வாயு நிரப்பிய பானங்களையும் சர்க்கரை கலந்த பானங்களையும் ஒரேயடியாக நிறுத்தச் சொன்னார்கள். பைபாஸுக்குப் பிறகு மது இரத்தத்தில் வழக்கத்தைவிட விரைவாகக் கலக்கும் என்பதையும் மறைக்காமல் விளக்கினார்கள்.

அறுவை சிகிச்சைக்கு முந்தைய 2 வாரங்களில் நாளொன்றுக்கு 800 முதல் 1,000 கலோரி வரை மட்டுமே உண்ண வேண்டும். மாவுச்சத்தும் கொழுப்பும் குறைவாகவும் புரதம் போதுமானதாகவும் இருக்க வேண்டும். கடினமான கட்டம் இது. முதல் சில நாட்களில் தலைவலியும் சோர்வும் வருவதுண்டு. ஆயினும் காரணத்தை உணவியல் நிபுணர் படம் வரைந்து காட்டிய பிறகு அதை மீற மனம் வரவில்லை. கல்லீரலின் இடது பகுதி இரைப்பையின் மேல் படிந்திருப்பதால், சிறு துளைகள் வழியே செய்யும் லேப்ராஸ்கோப்பி முறையில் இரைப்பையை அணுகக் கல்லீரலை மெல்லத் தூக்கிப் பிடிக்க வேண்டும்; கொழுப்பேறிப் பெருத்த கல்லீரல் அதற்கு எளிதில் இடம் கொடுக்காது. மாவுச்சத்திலிருந்து உருவாகிக் கல்லீரலில் சேமிக்கப்படும் கிளைக்கோஜன் என்னும் சர்க்கரைச் சேமிப்பின் ஒவ்வொரு கிராமும் ஏறத்தாழ 3 கிராம் நீரைப் பிடித்து வைத்திருக்கிறது. மாவுச்சத்தைக் குறைத்தால் இரண்டும் சேர்ந்தே குறைந்து கல்லீரல் சுருங்கும். இனிமேல் முடியாதே என்று கடைசி நாட்களில் விருந்து உண்பவர்கள் இந்தப் பலனைத் தாங்களே கெடுத்துக்கொள்கிறார்கள்.

உணவுக் குறிப்பேட்டில் என்ன உண்டோம் என்பதோடு, அப்போது உண்மையில் பசித்ததா என்பதையும் எழுதச் சொன்னது எனக்கு மிகவும் பிடித்தது. சலிப்பும் கவலையும் எத்தனை முறை உணவைத் தேட வைக்கின்றன என்பதை அந்தப் பக்கங்களில் காணலாம். அறுவை சிகிச்சை அந்தத் தேடலைத் தொடுவதில்லை.

குறைகளும் உண்டு, அவற்றில் ஒன்று சிறியதன்று. நீரிழிவுக்கு இன்சுலினோ, உடலின் இன்சுலின் சுரப்பைத் தூண்டும் சல்ஃபோனைல்யூரியா வகை மாத்திரையோ எடுப்பவர்களுக்கும் மற்றவர்களுக்கும் ஒரே உணவுத் தாளையே கொடுத்தார்கள். மாவுச்சத்து திடீரென்று குறையும்போது மருந்தின் அளவையும் குறைக்காவிட்டால் இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். எனவே அந்த மாற்றத்தைக் குறித்து மருத்துவர் எழுதிக்கொடுத்த பிறகே தாள் கைக்கு வர வேண்டும். நாங்கள் கேட்டதற்குப் பின்பே அது நடந்தது. அடுத்தது, ஒவ்வொரு சந்திப்பிலும் மற்றவர்கள் முன்னிலையில் எடை பார்த்தது. எடை குறையாதவர் தேர்வில் தோற்றவரைப் போல் தலைகுனிந்து நிற்க நேர்ந்தது. காப்பீட்டு நிறுவனங்கள் அறுவை சிகிச்சைக்கு முன் எடையைக் குறைத்தே ஆக வேண்டும் என்று நிபந்தனை விதிப்பதை அமெரிக்க வளர்சிதைமாற்ற மற்றும் உடல்பருமன் அறுவை சிகிச்சைச் சங்கம் 2016இலேயே எதிர்த்திருக்கிறது. பழக்கம் மாறியதா என்று பார்க்க வேண்டிய இடத்தில் எடை எண்ணை முன்னிறுத்துவது பயிற்சியின் நோக்கத்தையே திசைதிருப்பிவிடும்.

இக்குறைகள் இருந்தும் இத்தகைய திட்டத்தில் சேருமாறு பரிந்துரைக்கிறேன். சேர்வதற்கு முன் இரண்டு கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள்: உணவு மாறும் நாளிலேயே உங்கள் மருந்துகளை யார் மாற்றி எழுதுவார்? இரும்புச்சத்து, வைட்டமின் பி12, வைட்டமின் டி ஆகியவற்றின் அளவை அறியும் இரத்தப் பரிசோதனை, குறைபாட்டைச் சரிசெய்ய அவகாசம் இருக்கும்போதே எடுக்கப்படுமா?