இணைகோட்டின் சமன்பாடு: சாய்வு வழியா, மாறிலி வழியா?

ஒரு நேர்க்கோட்டிற்கு இணையாக, குறிப்பிட்ட புள்ளி வழியே செல்லும் கோட்டின் சமன்பாட்டைக் காண்பதற்குப் பத்தாம் வகுப்பில் இரு வழிகள் வழக்கில் உள்ளன: கோட்டின் சாய்வை, அதாவது சரிவின் அளவைக் கண்டு எழுதுவது ஒன்று; பழைய சமன்பாட்டில் தனியே நிற்கும் எண்ணான மாறிலியை மட்டும் மாற்றி எழுதுவது மற்றொன்று. தண்டையார்பேட்டையிலும் வியாசர்பாடியிலும் மாலையில் டியூஷனுக்கு வரும் பிள்ளைகளில் சிலர், பள்ளியில் ஒரு வழியையும் டியூஷனில் மற்றொன்றையும் கற்றுக்கொண்டு, தேர்வில் எதை எழுதுவது என்று குழம்புகிறார்கள். இரண்டும் சரியே, ஆனால் இரண்டும் தரும் பயன் வேறு.

3எக்ஸ் + 4ஒய் − 12 = 0 என்ற கோட்டிற்கு இணையாக (4, 5) வழியே செல்லும் கோட்டை எடுத்துக்கொள்வோம். சாய்வு வழியில், முதலில் சாய்வு −3/4 என்று கண்டு, ஒய் − 5 = −3/4 (எக்ஸ் − 4) என்று எழுதி, இருபுறமும் 4ஆல் பெருக்கி, 4ஒய் − 20 = −3எக்ஸ் + 12 என்றாக்கி, இறுதியில் 3எக்ஸ் + 4ஒய் − 32 = 0 என்ற விடையை அடைகிறோம். பிள்ளைகள் சறுக்குவது பெரும்பாலும் அந்தப் பெருக்கலில்தான்: ஒய்யை மட்டும் 4ஆல் பெருக்கி 5ஐ அப்படியே விட்டுவிட்டால், விடை 3எக்ஸ் + 4ஒய் − 17 = 0 என்று வந்து நிற்கும். அதில் (4, 5)ஐப் பிரதியிட்டால் 0க்குப் பதில் 15 வருவதால் பிழை உடனே தெரிந்துவிடும். இந்தச் சரிபார்ப்பை எந்த வழியில் செய்தாலும் விடக் கூடாது.

மாறிலி வழியில் பின்னத்திற்கே வேலையில்லை. 3எக்ஸ் + 4ஒய் + கே = 0 என்று எழுதி, புள்ளியைப் பிரதியிட்டால் 12 + 20 + கே = 0; ஆகவே கே = −32. புள்ளி பழைய கோட்டிலேயே அமைந்திருந்தால், எடுத்துக்காட்டாக (0, 3) என்றால், கே மீண்டும் −12 ஆகிப் பழைய கோடே கிடைக்கும்.

செங்குத்தாக நிற்கும் கோடுகளில் மாறிலி வழியின் வலிமை இன்னும் தெளிவாகும். ஜார்ஜ் டவுனில் என்.எஸ்.சி. போஸ் சாலையை எக்ஸ் அச்சாகவும், அங்கிருந்து வடக்கே செல்லும் தம்புச்செட்டித் தெருவையும் லிங்கிச்செட்டித் தெருவையும் அதற்குச் செங்குத்தான இணைகோடுகளாகவும் ஒரு தாளில் மாதிரியாக வரைந்து பார்க்கலாம். ஒரு தெரு எக்ஸ் − 2 = 0 என்றால், அதன் சாய்வைக் கணக்கிடும்போது பின்னத்தின் பகுதியில் (கீழுள்ள எண்ணில்) 0 வருவதால் சாய்வு வரையறுக்கப்படவில்லை; சாய்வு வாய்பாடு அங்கேயே நின்றுவிடுகிறது. எக்ஸ் + கே = 0 என்று தொடங்குபவருக்கோ (5, 1) வழியே செல்லும் தெரு எக்ஸ் − 5 = 0 என்று ஒரே வரியில் கிடைக்கும்.

ஆயினும் சாய்வைத்தான் முதலில் கற்பிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. எக்ஸ், ஒய் கெழுக்கள் மாறாதவரை சாய்வும் மாறாது, மாறிலி கோட்டை இடம் பெயர்க்க மட்டுமே செய்யும் என்று உணராமல் மாறிலி வழியை மனப்பாடம் செய்த பிள்ளை, 3எக்ஸ் + 4ஒய் − 12 = 0 என்ற கோட்டிற்குச் செங்குத்தான கோட்டைக் கேட்டாலும் 3எக்ஸ் + 4ஒய் + கே = 0 என்றே எழுதிவிடும். சாய்வை அறிந்த பிள்ளைக்கோ அந்தச் செங்குத்துக் கோட்டின் சாய்வு 4/3 என்றும், (4, 5) வழியே செல்லும் கோடு 4எக்ஸ் − 3ஒய் − 1 = 0 என்றும் தானாகவே வரும்.

மேலும், (1, 2), (3, 8) என்ற இரு புள்ளிகளை இணைக்கும் கோட்டிற்கு இணையாக (2, 1) வழியே ஒரு கோடு கேட்கப்பட்டால், முதல் கோட்டின் சமன்பாட்டைத் தேடுவது வீண் உழைப்பு. சாய்வு 6/2 = 3; ஒய் − 1 = 3(எக்ஸ் − 2); விடை 3எக்ஸ் − ஒய் − 5 = 0.