சந்தா மென்பொருளை விற்ற அனுபவம்: ஒரு வருடம் கழித்து

யோகா வகுப்புகளுக்கான முன்பதிவு மென்பொருள் ஒன்றைச் சென்னையிலிருந்து நடத்திவந்தேன். மாதச் சந்தா, நிலையான லாபம், ஊழியர் என்று யாரும் கிடையாது. அதை விற்று ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. விற்ற சூட்டில் எழுதியிருந்தால் விலையைப் பற்றித்தான் எழுதியிருப்பேன். இப்போது கேட்டால், விலை பேசுவது சுலபம், கைமாற்றிக் கொடுப்பதில்தான் வேலை என்பேன்.

விற்பனைக்குப் பட்டியலிட்டது, சிறு இணையத் தொழில்களை வாங்கி விற்கும் தளமான அக்வயர் டாட் காமில் (பழைய பெயர் மைக்ரோஅக்வயர்). பெயரைக் காட்டாமலே விளம்பரம் போடலாம் என்பது எனக்குப் பிடித்தது. வாடிக்கையாளர் காதுக்கு விஷயம் போனால் சந்தாவை நிறுத்திவிடுவார்களே! இந்த அளவுத் தொழில்களுக்கு வருட லாபத்தைப்போல மூன்று, நான்கு மடங்கில்தான் பேச்சு தொடங்கும். விசாரிப்பவர்களில் நிறையப் பேர் வேடிக்கை பார்க்க வருபவர்கள், அது எந்தச் சந்தையிலும் உள்ளதுதான்.

முதலில் வந்தவர் நல்ல விலை சொல்லி விருப்பக் கடிதம் (இன்ன விலைக்கு வாங்க விரும்புகிறேன் என்ற முன்கடிதம்) கொடுத்தார். அதில் கையெழுத்துப் போட்டால் கெடு முடியும்வரை வேறு யாருடனும் பேசக்கூடாது. கெடு முடியும் தறுவாயில், சந்தா ரத்தாவது அதிகமாக இருக்கிறது என்று விலையைக் குறைத்தார். அந்த எண்ணை முதல் நாளே அவரிடம் கொடுத்திருந்தேன். சரி, வேண்டாம் என்று விலகிவிட்டேன்.

அடுத்து வந்த அமெரிக்கர் குறைவாகச் சொன்னார், ஆனால் சொன்ன சொல்லில் நின்றார். அவருடைய வழக்கறிஞர் கணக்கு வழக்கைவிட நிரல் (மென்பொருளின் கோட்) யாருக்குச் சொந்தம் என்பதைத்தான் குடைந்தார். காலண்டர் பகுதியை மதுரையில் ஒரு ஃப்ரீலான்சர் எழுதிக்கொடுத்திருந்தார். இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி, உரிமை மாற்றிக் கொடுக்கும் பத்திரத்தில் காலம் எழுதாவிட்டால் 5 ஆண்டு, எல்லை எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்று கொள்வார்கள். எங்கள் பத்திரத்தில் இரண்டுமே இல்லை. உலகம் முழுவதும், பதிப்புரிமை உள்ள காலம் முழுவதும் என்று எழுதிப் புதுப் பத்திரம் போட்டோம். அந்த ஃப்ரீலான்சர் தம்பி முகம் சுளிக்காமல் கையெழுத்திட்டார். வெளியாளை வைத்து நிரல் எழுதுபவர்கள் இதை இன்றே எடுத்துப் பாருங்கள்.

பெரிய தலைவலி, வாடிக்கையாளர் அட்டையிலிருந்து சந்தாவைப் பிடித்துத் தரும் ஸ்ட்ரைப் சேவை. கம்பெனியை விற்காமல் சொத்துகளை மட்டும் விற்றதால் கணக்கை அப்படியே கொடுக்க வழியில்லை. அட்டை விவரங்களை வாங்குபவரின் கணக்குக்கு ஸ்ட்ரைப் நகலெடுத்துத் தருகிறது, ஆனால் சந்தாக்கள் கூடவே போகவில்லை. அங்கே புதிதாக உருவாக்கி, ஒவ்வொன்றின் அடுத்த பில் தேதியையும் பழையதோடு பொருத்தி, அப்புறம் இங்கே ரத்து செய்தோம். தேதி பிசகினால் ஒரே மாதத்தில் இரண்டு முறை பணம் பிடித்துவிடும். அட்டையிலிருந்து தானாகப் பணம் பிடிப்பது பற்றி 2021 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த ரிசர்வ் வங்கி விதியால் இந்திய அட்டைக்காரர்களிடம் மறுபடி ஒப்புதல் வாங்க வேண்டியிருந்தது. சிலர் அத்தோடு போய்விட்டார்கள்.

விற்பவருக்கும் வாங்குபவருக்கும் நடுவில் பணத்தைப் பிடித்துவைக்கும் எஸ்க்ரோ டாட் காம் பற்றிக் குறை ஒன்றுமில்லை. பணம் அங்கே வந்து சேர்ந்த பிறகே டொமைனை (இணைய முகவரியை) வாங்கியவர் பெயருக்கு மாற்றினேன், வாங்கியவர் சரிபார்க்கும் காலம் முடிந்ததும் பணத்தை விடுவித்தார்கள். அவர்களுடைய கட்டணத்தை யார் கட்டுவது என்பதில் எங்களுக்குள் ஓர் இழுபறி. அதை விருப்பக் கடிதத்திலேயே எழுதிவிடுவது நல்லது.

விற்ற பிறகு வாங்கியவருக்கு நான் உதவ வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருந்த காலம் எப்போதோ முடிந்துவிட்டது. கேள்விகள் இன்னும் வருகின்றன, பதில் சொல்கிறேன். போட்டி மென்பொருள் செய்யக்கூடாது என்ற நிபந்தனை மட்டும் இன்னும் அமலில் இருப்பதால், இப்போது செய்வது முன்பதிவுக்குச் சம்பந்தமில்லாத வேறு வேலை.