சியெரா நெவாடா மிதிவண்டிச் சுற்றுக்கு முன்பணம் கட்டவிருப்பவர்கள் படிக்கவும்: எங்கள் 1,840 யூரோ போய்விட்டது

தெற்கு ஸ்பெயினின் சியெரா நெவாடா மலையைச் சாலை மிதிவண்டியில் ஒரு வாரத்தில் சுற்றிவரும் பயணம் என்று விளம்பரம் செய்து, இருவருக்குமாக 1,840 யூரோவை முழுவதும் முன்கூட்டியே வாங்கிக்கொண்டு, இரண்டாம் நாளே எங்களை மலையின் மேல் கைவிட்டுவிட்டார்கள். வீடு வந்து பெட்டியைக்கூடப் பிரிக்காமல் இதை எழுதுகிறேன். நம்மவர்களில் சாலை மிதிவண்டி ஓட்டுகிறவர்கள் ஆண்டுக்கு ஆண்டு கூடிவருகிறார்கள். அவர்களில் பலருக்கு இந்த மலை ஒரு கனவு என்பதும் எனக்குத் தெரியும். ஆகவே நடந்ததை வரிசையாகச் சொல்லி, பிறகு எதையெல்லாம் சரிபார்க்க வேண்டும் என்பதையும் எழுதுகிறேன்.

முதலில் அந்த மலையைப் பற்றிச் சொல்லாவிட்டால், நாங்கள் எதை நம்பிப் பணம் கட்டினோம் என்பது புரியாது. கிரனாடா நகரம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து புறப்படும் சாலை பனிச்சறுக்கு நிலையத்தைக் கடந்து, 2,500 மீட்டர் உயரத்தில் ஓயா தே லா மோரா என்ற இடத்தில் ஒரு தடுப்புக் கம்பத்தை அடைகிறது. அதற்கு மேல் தனியார் கார்களுக்கு அனுமதியில்லை, மிதிவண்டிகள் போகலாம். தார் உடைந்தும் பெயர்ந்தும் கிடக்கும் அந்தப் பாதை, வெலேத்தா சிகரத்தின் தோள்வரை, ஏறக்குறைய 3,380 மீட்டர் உயரத்துக்கு ஏறுகிறது. ஐரோப்பாவிலேயே இதைவிட உயரமான தார்ச்சாலை கிடையாது. கடற்கரையில் கிடைக்கும் காற்றழுத்தத்தில் மூன்றில் இரண்டு பங்குதான் அங்கே இருக்கும் என்பதால், கால்களுக்கு வலு இருந்தாலும் மூச்சு ஒத்துழைக்காது. வுவெல்டா என்னும் ஸ்பெயினின் பல நாள் மிதிவண்டிப் பந்தயத்தில் 2017-ல் மிகேல் ஆங்கெல் லோப்பெஸ் வென்ற ஒருநாள் கட்டம் அந்தத் தடுப்புக் கம்பத்தின் அருகில்தான் முடிந்தது. 2013-ல் கிறிஸ் ஹார்னர் வென்ற அசல்யானாஸ் ஏற்றமும், மொனாச்சில் கிராமத்துக்கு மேலே சுவர்போல நிற்கும் எல் பூர்ச்சே ஏற்றமும் அதே மலையின் அடிவாரத்தில் இருக்கின்றன.

பயண முன்பதிவுகளை இடைநின்று விற்கும் ஒரு பெரிய இணையத் தளத்தில்தான் இந்தச் சுற்றைக் கண்டோம். அதை நடத்துபவர் ஓர் உள்ளூர் ஏற்பாட்டாளர். கிரனாடாவிலிருந்து குவாதிஸ் வழியாகச் சென்று, லா கலாஓர்ரா கோட்டையின் அடியிலிருந்து 2,000 மீட்டர் உயரமுள்ள ராகுவா கணவாயைக் கடந்து, தெற்குச் சரிவில் இறங்கி, அல்புஹார்ரா பகுதியின் வெள்ளைக் கிராமங்களான திரெவேலெஸ், கபிலேய்ரா ஆகியவற்றில் தங்கி, அங்கிருந்து மலைமுதுகைத் தாண்டி, வெலேத்தாவின் தோளைத் தொட்டுக்கொண்டு மீண்டும் கிரனாடாவுக்கு இறங்குவது என்பது வரைபடத்துடன் கூடிய திட்டம். தரமான கார்பன் மிதிவண்டி, தங்கல், ஒவ்வொரு கணவாயிலும் உடைமைகளோடும் உணவோடும் காத்திருக்கும் வேன், வழிகாட்டும் ஜி.பி.எஸ். கருவிக்கான பாதைக் கோப்புகள் எல்லாம் 1,840 யூரோவுக்குள் அடக்கம் என்று எழுதியிருந்தார்கள்.

பணம் கட்டுவதற்கு முன் நானே தொலைபேசியில் அழைத்து, கபிலேய்ராவுக்கு மேலே சாலை எப்படி இருக்கும் என்று கேட்டேன். "முழுவதும் தார்தான், நான் எத்தனையோ பேரை அழைத்துப் போயிருக்கிறேன்" என்றார் அந்த மனிதர். மே மாதத்தில் பனி இருக்காதா என்று கேட்டதற்கு, இந்த ஆண்டு சீக்கிரமே உருகிவிட்டது என்றார். எங்கள் வயதையும், வழக்கமாக ஓட்டும் தூரத்தையும் விசாரித்து, அசல்யானாஸின் கடைசி ஏழு கிலோமீட்டர் கடுமையாக இருக்கும், எனவே முன்னால் 34 பல்லும் பின்னால் 32 பல்லும் கொண்ட, ஏற்றத்தில் எளிதாக மிதிக்கக்கூடிய கியர் போட்டுத் தருகிறேன் என்று அவராகவே சொன்னார். அந்த ஒரு சொல்லில்தான் எங்களுக்கு முழு நம்பிக்கை பிறந்தது. செங்குத்தான ஏற்றத்தில் உட்கார்ந்து மிதித்தவருக்குத்தான் அந்தப் பல்லெண்ணிக்கையின் அருமை தெரியும். அதைக் கேட்காமலே சொல்பவர் நம்மைப் போன்ற ஒருவர் என்று தோன்றிவிடுகிறது. அந்தத் தோற்றத்தை அவர் தெரிந்தே உண்டாக்கினார் என்று இப்போது உறுதியாகச் சொல்கிறேன். தளத்தின் விதிப்படி 340 யூரோவைத் தளத்தின் வழியாகவும், மீதி 1,500 யூரோவை ஏற்பாட்டாளரின் வங்கிக் கணக்குக்கு நேரடியாகவும் செலுத்தினோம். மீதியை நேரடியாகச் செலுத்துங்கள் என்று எழுதியிருந்தது அந்தத் தளமேதான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கிரனாடாவில் முதல் இரவு அறை கிடைத்தது. காலையில் மிதிவண்டிகளை வாங்கப் போன கடையில், முன்னால் 36, பின்னால் 25 பல் என்ற, ஏற்றத்தில் மிதிக்கக் கடினமான கியரோடு, பிரேக் பேட் தேய்ந்த இரண்டு பழைய அலுமினிய வண்டிகளைக் கொடுத்தார்கள். எங்களுக்கு முன்பதிவாகியிருப்பது இவைதான் என்று கடைக்காரர் ரசீதைக் காட்டினார். அவர் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. பேடுகளைக் காசு வாங்காமல் மாற்றிக் கொடுத்தார். ஏற்பாட்டாளரை அழைத்தபோது, இது தவறுதலாக நடந்துவிட்டது, வேனில் வேறு கேசட் (பின்சக்கரப் பற்சக்கரத் தொகுதி) அனுப்புகிறேன், ராகுவாவில் மாற்றிக்கொள்ளலாம் என்றார்.

லா கலாஓர்ராவிலிருந்து ராகுவா வரை ஏற்றம் சுமார் 800 மீட்டர். வறண்ட சமவெளியை விட்டு ஏறத் தொடங்கியதும் வளைவுக்கு வளைவு காற்று குளிர்ந்துகொண்டே போகிறது. கீழே கோட்டையின் உருண்டைக் கோபுரங்கள் சிறுத்துக்கொண்டே போகின்றன. 36-25 கியரில் அந்த ஏற்றத்தை முழங்கால்கள் நோக நின்று மிதித்து முடித்து, கணவாயை அடைந்தபோது அங்கே வேன் இல்லை. எங்கள் குளிர்ச்சட்டைகள், கையுறைகள், உணவு எல்லாம் அந்த வேனில் இருந்தன. வியர்வையில் நனைந்த மெல்லிய சட்டையோடு, 2,000 மீட்டர் உயரத்தில், பனிச்சரிவின் மேலாக வரும் காற்றில் நின்றோம். ஓட்டுநரை ஒருவழியாகத் தொடர்புகொண்டபோது, தனக்குப் பணம் வராததால் குவாதிஸிலேயே நின்றுவிட்டதாகவும், பெட்டிகளைக் காலையில் கிளம்பிய விடுதியிலேயே திருப்பி வைத்துவிட்டதாகவும் சொன்னார். ஏற்பாட்டாளர் அதற்குப் பின் தொலைபேசியை எடுக்கவே இல்லை.

மலையேற்றத்தில் மிதிவண்டி ஓட்டியவர்களுக்கு இதன் அபாயத்தை விளக்க வேண்டியதில்லை. ஏறும்போது உடம்பு சூடாக இருக்கும். இறங்கும்போது மிதிக்க வேலையே இல்லாமல் காற்று முழுவதும் மார்பில் மோதும். விரல்கள் விறைத்தால் பிரேக்கைப் பிடிக்க முடியாது. லாரோலெஸ் கிராமம் வரை நாங்கள் அடிக்கடி நின்று கைகளை அக்குளில் வைத்துச் சூடேற்றிக்கொண்டுதான் இறங்கினோம். அன்றிரவு தங்க வேண்டிய காதியார் ஊரில் எங்கள் பெயரில் அறை எதுவும் பதிவாகவில்லை. அதற்கும் அடுத்தடுத்த இரவுகளுக்கும் நாங்களே பணம் கொடுத்தோம். அந்தச் செலவை நான் 1,840 யூரோவில் சேர்க்கவில்லை.

இதைவிடப் பெரிய பொய் கபிலேய்ராவில்தான் தெரியவந்தது. அங்கே தேசியப் பூங்காவின் தகவல் மையத்தில் எங்கள் வரைபடத்தைக் காட்டினோம். அங்கிருந்த பெண்மணி அதைப் பார்த்துவிட்டு, சாலை மிதிவண்டியிலா போகப்போகிறீர்கள் என்று திகைப்போடு கேட்டார். ஊருக்கு மேலே சிறிது தூரத்திலேயே தார் முடிந்துவிடுகிறது. 2,150 மீட்டர் உயரத்தில் ஓயா தெல் போர்த்தியோ என்ற இடத்தில் தடுப்பு இருக்கிறது. அதற்கு மேல் மலைமுதுகு வரை இருப்பது கல்லும் மண்ணுமான வண்டித்தடம். மெல்லிய டயரில் அதில் போகவே முடியாது. அதன் மேற்பகுதியில் கோடை தொடங்கிய பின்னும் பனி கிடப்பது வழக்கம் என்றும், வடக்குப் பக்கத்துத் தார்ச்சாலையின் உச்சிப்பகுதியும் அப்போது பனிக்கடியில்தான் இருந்தது என்றும் அவர் விளக்கினார். வரைபடத்தில் இந்தப் பக்கத்துக் கோடும் அந்தப் பக்கத்துக் கோடும் ஒன்றாகச் சேர்ந்திருப்பதால், பார்ப்பவர்களுக்கு ஒரே சாலையாகத் தெரியும். அந்த ஏற்பாட்டாளர் விற்றது அந்தக் கோட்டைத்தான். எத்தனையோ பேரை அழைத்துப் போயிருக்கிறேன் என்றவர், சாலை மிதிவண்டியில் ஒருவரையும் அந்த வழியாக அழைத்துப் போயிருக்க முடியாது.

நாங்கள் ஓர்ஹிவாவுக்கு இறங்கி, லன்ஹரோன் வழியாகப் பள்ளத்தாக்குச் சாலையில் கிரனாடாவுக்குத் திரும்பினோம். அழகான சாலைதான், அல்புஹார்ராவின் தட்டைக்கூரை வீடுகளும், புகைபோக்கிகளும், மலைச்சரிவில் தண்ணீர் கொண்டுவரும் பழைய வாய்க்கால்களும் பார்க்கத் தகுந்தவை. நாங்கள் அவற்றைக் கண்ணால் பார்த்தோமே தவிர, மனம் முழுவதும் 1,840 யூரோவைச் சுற்றியே இருந்தது. கிரனாடாவில் ஏற்பாட்டாளரின் முகவரிக்குப் போனோம். அது தபால்பெட்டிகளை வாடகைக்கு விடும் ஓர் இடம். கிரனாடா இருக்கும் அந்தலூசியா மாநிலத்தில் வாடிக்கையாளர்களிடம் பணம் வாங்கும் எந்த நிறுவனமும் அரசு வகுத்த புகார்ப் படிவத்தை வைத்திருக்க வேண்டும், வாங்கிய புகாருக்குப் பத்து வேலை நாட்களுக்குள் பதில் தர வேண்டும் என்பது சட்டம். படிவத்தைக் கேட்பதற்கே அங்கே ஆள் இல்லையென்றால் சட்டம் யாருக்குப் பயன்படும்?

அதன்பின் தளத்தோடு நடந்த கடிதப் போக்குவரத்தைப் படித்தால் உங்களுக்கும் இரத்தம் கொதிக்கும். "உங்கள் அனுபவத்துக்கு வருந்துகிறோம்" என்பது முதல் பதில். முதல் இரவுத் தங்கல் வழங்கப்பட்டுவிட்டதால் பயணம் தொடங்கியதாகக் கருதப்படும், தொடங்கிய பயணத்துக்குப் பணம் திரும்பாது என்பது இரண்டாவது. மலைச்சாலையில் பனி இருப்பது இயற்கைச் சூழ்நிலை, அதற்கு யாரும் பொறுப்பாக முடியாது என்று அடுத்ததாக எழுதினார்கள். பனி வந்தது திடீரென்று அல்ல, ஆண்டுதோறும் இருப்பதுதான், அதை மறைத்து விற்றதுதான் குற்றம் என்று பதில் எழுதினேன். அதற்கு வந்த மறுமொழியில், தங்கள் வழியாக வந்தது 340 யூரோ மட்டுமே என்றும், மீதி 1,500 யூரோ எனக்கும் ஏற்பாட்டாளருக்கும் இடையிலான தனிப்பட்ட விவகாரம் என்றும் எழுதியிருந்தார்கள். நேரடியாகச் செலுத்தச் சொன்னவர்களே அதைத் தனிப்பட்ட விவகாரம் என்கிறார்கள். ஏற்பாட்டாளரிடமிருந்து ஒரே ஒரு குறுஞ்செய்தி வந்தது: நீங்கள் மலைக்குத் தேவையான உடல்தகுதியோடு வரவில்லை என்று. ராகுவாவை 36-25 கியரில் ஏறிக் கடந்தவர்களைப் பார்த்து இப்படி எழுத அவருக்குக் கை வந்திருக்கிறது. இந்த நிமிடம்வரை 1,840 யூரோவில் ஒரு யூரோகூடத் திரும்பவில்லை. அந்தச் சுற்று அதே வரைபடத்தோடு இன்னும் விற்பனையில் இருக்கிறது.

சரிபார்க்க வேண்டியவற்றை விரிவாக எழுத நினைத்திருந்தேன். கடன் அட்டை வங்கிக்கு ஆவணங்களை இன்றே அனுப்ப வேண்டியிருப்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். கபிலேய்ராவிலிருந்து வெலேத்தாவுக்குச் சாலை மிதிவண்டியில் போகலாம் என்று யார் சொன்னாலும் அங்கேயே பேச்சை நிறுத்திவிடுங்கள். ஜூலைக்கு முன் வெலேத்தாவின் உச்சிவரை அழைத்துப் போவதாகச் சொல்பவரிடம், பாதை திறந்திருக்கிறதா என்பதற்குச் சான்று கேளுங்கள். பூங்காவின் தகவல் மையத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினாலே உண்மை தெரிந்துவிடும். மிதிவண்டியைக் கடையில் நேரடியாகப் பதிவுசெய்யுங்கள், கியர் பல்லெண்ணிக்கையை எழுத்தில் வாங்குங்கள். குளிர்ச்சட்டையை எந்த வேனையும் நம்பி அனுப்பாதீர்கள், முதுகுப் பையிலேயே வையுங்கள். வங்கிக் கணக்குக்கு நேரடியாகப் பணம் அனுப்பச் சொன்னால் அனுப்ப வேண்டாம். அட்டையில் கட்டியதை அட்டை வங்கியின் மூலம் திருப்பிக் கோரலாம், கணக்குக்கு அனுப்பிய 1,500-ஐ அப்படிக் கோர முடியவில்லை. அந்த அட்டைக் கோரிக்கைக்கும் காலக்கெடு உண்டு, உடனே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் வசிப்பவர்கள் தங்கள் நாட்டிலுள்ள ஐரோப்பிய நுகர்வோர் மையத்தில் கட்டணமின்றிப் புகார் கொடுக்கலாம். இதே சுற்றுக்கு இதே ஏற்பாட்டாளரிடம் பணம் கட்டி ஏமாந்தவர்கள் யாரேனும் இருந்தால், செலுத்திய ரசீதோடு எனக்கு எழுதுங்கள். புகாரைச் சேர்ந்தே கொடுக்கலாம்.