கிராமத்து விருந்து: சாப்பாட்டுக்கு நாலு ஸ்டார், கிராமத்துக்கு ஒன்று

போன ஞாயிறு அப்பாவோடு 'அந்தக் காலக் கிராமம்' மாதிரி கட்டியிருக்கும் ஒரு உணவகத்துக்குப் போனோம். கருப்பட்டிப் பணியாரம் அருமை; ஓரம் மொறுமொறு, நடுவில் பஞ்சு. மீன் குழம்பில் புளி தூக்கல்.

திண்ணை, மாட்டு வண்டி, அப்புறம் ஒரு டீக்கடை செட். எல்லாருக்கும் பித்தளை டம்ளர். எங்கள் ஊர்க் கடையில் அப்பாவுக்குக் கொட்டாங்குச்சிதான். சேரி எங்கே என்று கேட்டேன், மேனேஜர் சிரித்தார். 1948 நவம்பரிலேயே கிராமத்தை அறியாமையின் குகை என்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் சொல்லிவிட்டார். இங்கே அதற்கு நுழைவுக் கட்டணம்!

பரிமாறிய பையன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, குனிந்து "சொல்லுங்க சாமி" என்றான். அதுதான் யூனிஃபார்மாம். அப்பா அந்தத் துண்டை அவிழ்த்து அவன் தோளில் போட்டுவிட்டார். மூன்று பேருக்கு 2,100 ரூபாய்.