1982 என்று போட்டிருந்ததை நம்பி 10 லட்சம் யென் இழந்தேன்

ஜப்பானில் பழைய அடுக்குமாடி வீடு வாங்க நினைப்பவர்களுக்கு விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன். கோபம் விடுமா என்று தெரியவில்லை. முன்பணமாகக் கட்டிய 10 லட்சம் யென் இனி வராது என்று நேற்று முடிவாகச் சொல்லிவிட்டார்கள்.

கோபே நகரில் மூன்றாவது மாடி வீடு. (இங்கே இதற்கு ‘மான்ஷன்’ என்று பெயர், திருவல்லிக்கேணி மேன்ஷனில் நான்கு வருடம் குப்பை கொட்டிய எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது.) நான் கேட்டது ஒன்றே ஒன்று: 1981 ஜூனில் வந்த புதிய நிலநடுக்க விதிப்படி கட்டியதா? 1995 நிலநடுக்கத்தில் நொறுங்கிய ஊர் இது, கேட்காமல் இருப்பேனா? ரயில் நிலையத்துக்கு எதிரே கடை வைத்திருக்கும் அந்தத் தரகர், விளம்பரத் தாளில் ‘1982 மார்ச்’ என்ற இடத்தில் பென்சிலால் கோடு போட்டு, “அடுத்த வருடம்தானே முடிந்திருக்கிறது, கவலையே வேண்டாம்” என்றார். என் மகளுக்குக் காகிதக் கொக்கு மடித்துக் கொடுத்தார். மழையில் நிலையம் வரை குடை பிடித்துக்கொண்டு வந்தார். அந்தக் குடையில்தான் விழுந்தேன்.

கையெழுத்தான பிறகு, உடன் வேலை பார்க்கும் ஒருவர் சொல்லி, நகராட்சி அலுவலகத்தில் பதிவேட்டு நகல் வாங்கினேன். கட்டட அனுமதி 1980 நவம்பர். கணக்கில் வருவது அனுமதித் தேதி. கட்டி முடித்த தேதி அல்ல. ஆக, பழைய விதிக் கட்டடம்!

செவ்வாய்க்கிழமை போன் செய்தால் “வெளியே போயிருக்கிறார்”. புதன் கடை விடுமுறை. வியாழன் “பரிசீலிக்கிறோம்”. நேரில் போனதும் ஒப்பந்தத்துக்கு முன் படித்துக் காட்டிய விளக்கக் காகிதத்தை விரித்தார்கள். ‘நிலநடுக்கப் பரிசோதனை: இல்லை’ என்று ஒரு வரி. அந்தக் கேள்வியே பழைய கட்டடங்களுக்குத்தானாம். கீழே சிவப்பு மையில் என் முத்திரை. வாங்குபவர் பின்வாங்கினால் முன்பணம் விற்பவருக்கே. தரகர் தலை குனிந்து வணங்கினார், அவ்வளவுதான். பென்சில் கோட்டுக்கு ஏது சாட்சி? 10 லட்சம் யென்!

அனுமதித் தேதியை நீங்களே போய்ப் பாருங்கள். வாய்ப்பேச்சை எழுதி வாங்குங்கள். விளக்கக் காகிதத்தை முந்தைய நாளே கேட்டு, ஜப்பானிய மொழி நன்றாகப் படிப்பவரிடம் காட்டுங்கள். பழைய உரிமையாளர் பராமரிப்புக் கட்டணம் பாக்கி வைத்திருந்தால் சட்டப்படி உங்களிடமும் கேட்பார்கள், அதையும் விசாரியுங்கள். பழுதுபார்ப்பு நிதி, தண்ணீர்க் குழாய் பற்றியெல்லாம் எழுத நினைத்தேன். இன்று முடியவில்லை.